ஆனவும் ஆகவும்: ஆங்கில அடைமொழிகளும் நாமும்

(திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்தில் ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைப்பை அறிவித்தவுடன் சில முகங்கள் சுருங்கியதைப் பார்த்தேன். ஆங்கில வாக்கியத்தில் அட்ஜெக்டிவையும் அட்வெர்பையும் பிழையில்லாமல் வைப்பது எப்படி? இதுதான் தலைப்பு. விடுமுறை நாள் மாலையில், காவிரிக் காற்றை விட்டுவிட்டு வந்து இலக்கணமா கேட்பது என்று நினைக்கிறீர்கள். நியாயம்தான். ஆகவே முதலில் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் நடந்து வந்த தெருவிலிருந்தே தொடங்குகிறேன்.

மெயின் கார்டு கேட் பக்கமிருந்து வந்தவர்களில் பலர் பெரிய கடை வீதியைத் தொட்டுக்கொண்டுதான் வந்திருப்பீர்கள். ஒரு கேள்வி கேட்கிறேன். பெரிய கடை வீதியில் பெரியது எது? கடையா, வீதியா? சிரிக்கிறீர்கள். இத்தனை காலம் அந்தத் தெருவில் நகையும் பாத்திரமும் வாங்கியிருக்கிறோம், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. பக்கத்திலேயே சின்னக் கடை வீதியும் இருக்கிறது. அங்கே சின்னது எது? ஆங்கிலத்தில் 'பிக் பஜார் ஸ்ட்ரீட்' என்று எழுதினார்கள். அதிலும் அதே குழப்பம், அப்படியே இறங்கிவிட்டது. 'பெரிய' என்ற சொல் தனியாக நிற்கவில்லை. எதையோ பற்றிக்கொண்டு நிற்கிறது. எதைப் பற்றியிருக்கிறது என்று தெரிந்தால்தான் பொருள் தெரியும்.

இதுதான் இன்றைய பேச்சின் ஒரே கேள்வி. இந்தச் சொல் யாரைப் பற்றி நிற்கிறது? அடைமொழி என்பது கொடி. கொழுகொம்பு இல்லாமல் அது நிற்காது. பெயர்ச்சொல்லைப் பற்றினால் பெயரடை, ஆங்கிலத்தில் அட்ஜெக்டிவ். வினைச்சொல்லைப் பற்றினால் வினையடை, ஆங்கிலத்தில் அட்வெர்ப். அட்வெர்புக்கு இன்னும் கொஞ்சம் கை நீளம். அட்ஜெக்டிவையும் பற்றும், இன்னொரு அட்வெர்பையும் பற்றும், சில நேரம் முழு வாக்கியத்தையே பற்றும்.

நம் முன்னோர் இதை அறியாதவர்களா? தொல்காப்பியத்தில் உரியியல் என்று ஓர் இயலே உண்டு. நனி, உறு, தவ என்னும் சொற்கள் மிகுதியைக் காட்டும் என்று அங்கே பாடம் இருக்கிறது. உரிச்சொல் பெயரையும் வினையையும் தழுவி வரும் என்று நன்னூலும் சொல்கிறது. தழுவுதல் என்ற அந்த வினையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில இலக்கணப் புத்தகத்தின் பத்துப் பக்கம் அதில் அடங்கியிருக்கிறது.

பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூட இதில் பிழை செய்வதில்லை. 'அழகான கோலம்' என்று சொல்லும், 'அழகாகக் கோலம் போட்டாள்' என்று சொல்லும். 'அழகாகக் கோலம்' என்று நிறுத்தாது, 'அழகான போட்டாள்' என்று உளறாது. ஆன என்றால் அடுத்து ஒரு பெயர் வர வேண்டும். ஆக என்றால் ஒரு வினை வர வேண்டும். ஆன பெயரெச்சம், ஆக வினையெச்சம் என்று அந்தக் குழந்தைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் அதன் நாக்குக்குத் தெரியும். இவ்வளவு தெரிந்த குழந்தை, ஆங்கில வகுப்புக்குள் நுழைந்தவுடன் ஏன் தடுமாறுகிறது? அறிவு குறைவா? கவனக் குறைவா? இரண்டும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். தமிழை நன்றாகக் கற்ற மூளை, தமிழின் வழியிலேயே போய் ஆங்கிலத்தின் வேலியில் முட்டிக்கொள்கிறது.

எந்த இடத்தில் முட்டுகிறது? அதைத்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் 'இரு' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோபுரம் உயரமாக இருக்கிறது.' 'சாம்பார் ருசியாக இருக்கிறது.' 'மல்லிகை வாசனையாக இருக்கிறது.' 'அவள் அழகாக இருக்கிறாள்.' எல்லாவற்றிலும் ஆக. ஏன்? இரு என்பது வினை. வினைக்கு முன்னால் ஆக. தமிழ் தன் கணக்கில் சரியாக இருக்கிறது. ஆனால் உண்மையில் உயரம் யாருடையது? கோபுரத்தினுடையது. இருத்தல் என்ற செயலுக்கு உயரம் கிடையாது. ஆங்கிலம் இந்த இடத்தில் வினையைத் தாண்டிப் போய் கோபுரத்தையே பிடித்துக்கொள்கிறது. அதனால் அங்கே அட்ஜெக்டிவ் வருகிறது. 'தி டவர் இஸ் டால்.'

'இஸ்', 'ஆர்', 'வாஸ்' வரும்போது நம் பிள்ளைகள் அதிகம் தவறுவதில்லை. அது முதல் வகுப்பிலேயே காதில் விழுந்துவிடுகிறது. தகராறு வருவது 'லுக்', 'டேஸ்ட்', 'ஸ்மெல்', 'ஃபீல்', 'சவுண்ட்' என்ற ஐந்து பேரால். இவர்கள் பார்ப்பதற்கு வினை மாதிரி இருப்பார்கள். வேலை செய்வது 'இரு' மாதிரி. 'ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுலி' என்று எழுதுகிறான் பையன். ஆசிரியர் சிவப்பு மையால் அடிக்கிறார். ஏன் என்று பையனுக்குப் புரியவில்லை. 'அழகாகத் தெரிகிறாள்' என்றுதானே நினைத்தான்? ஆக என்றால் 'எல்-ஒய்' என்றுதானே போன வாரம் சொல்லிக் கொடுத்தீர்கள்? அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பல ஆசிரியர்களிடம் பதில் இருந்திருக்காது.

பதில் இதுதான். அழகு யாருடையது? அவளுடையது. பார்வையினுடையது இல்லை. ஆகவே 'ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுல்'. இப்போது அதே பெண் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை அண்ணாந்து, ஒவ்வொரு நிலையாகக் கவனமாகப் பார்க்கிறாள். 1987இல் கும்பாபிஷேகம் கண்ட கோபுரம், 236 அடி, கழுத்து வலிக்கும். இங்கே பார்த்தல் உண்மையான செயல். கவனம் அந்தச் செயலைப் பற்றி நிற்கிறது. 'ஷீ லுக்டு கேர்ஃபுலி அட் தி டவர்.' ஒரே 'லுக்'. ஓரிடத்தில் அட்ஜெக்டிவ் கேட்கிறது, இன்னோரிடத்தில் அட்வெர்ப் கேட்கிறது.

சாம்பாருக்கு வருவோம். 'தி சாம்பார் டேஸ்ட்ஸ் குட்.' சாம்பார் ருசியாக இருக்கிறது, ருசி சாம்பாருடையது. 'ஷீ டேஸ்டட் தி சாம்பார் கேர்ஃபுலி.' அவள் சாம்பாரைக் கவனமாக ருசி பார்த்தாள், கவனம் செயலுடையது. (இரண்டாவது வாக்கியம் வீட்டுச் சமையலறைக்குத்தான் பொருந்தும். ஸ்ரீரங்கத்து மடைப்பள்ளியில் பெருமாள் அமுது செய்யுமுன் யாரும் ருசி பார்க்க முடியாது.)

மாணவர்களே, ஒரு சின்னச் சோதனையை எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' போட்டுப் பாருங்கள். 'தி சாம்பார் இஸ் குட்.' பொருள் நிற்கிறதா? நிற்கிறது. அப்படியானால் அட்ஜெக்டிவ். 'ஷீ இஸ் கேர்ஃபுல் தி சாம்பார்.' நிற்கிறதா? நொறுங்கிவிட்டது. அப்படியானால் அட்வெர்ப். 'பிகம்', 'சீம்', 'ரிமெய்ன்', 'டர்ன்' என்று வருகிற எல்லா இடத்திலும் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்து நம்முடைய செல்லச் சொல், 'நல்லா'. 'நல்லா இருக்கீங்களா?', 'நல்லாப் பாடுறான்', 'நல்லா மழை', 'நல்லா மாட்டிக்கிட்டான்'. தமிழ்நாட்டில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு நாளையே ஓட்டிவிடலாம். ஆங்கிலத்தில் அது இரண்டாகப் பிரிகிறது. நல்ல பாடகர், 'எ குட் சிங்கர்'. நன்றாகப் பாடுகிறார், 'ஹீ சிங்ஸ் வெல்'. 'ஹீ சிங்ஸ் குட்' என்று அமெரிக்கப் படங்களில் கேட்டிருப்பீர்கள். தேர்வுத் தாளில் எழுதாதீர்கள். சரி, 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டால்? 'ஐ ஆம் வெல்.' இங்கே 'வெல்' உடல்நலம் என்ற பொருளில் அட்ஜெக்டிவாகவே மாறி நிற்கிறது. ஆங்கிலமும் நம்மை மாதிரியே வீட்டுக்குள் சில விதிகளைத் தளர்த்திக்கொள்ளும்.

இப்போது பள்ளிக்கூடங்களில் புழங்கும் ஒரு பெரிய பாதி உண்மையைத் தொட வேண்டியிருக்கிறது. 'அட்ஜெக்டிவோடு எல்-ஒய் சேர்த்தால் அட்வெர்ப்.' இந்த ஒரு வரியால் விளைந்த பிழைகளைத் தொகுத்தால் மலைக்கோட்டை உயரத்துக்கு அடுக்கலாம்.

எடுத்துக்காட்டு வேண்டுமா? மலைக்கோட்டை எக்ஸ்பிரஸையே எடுத்துக்கொள்வோம். நம் மலைக்கோட்டையின் பெயரைத் தாங்கி எழும்பூருக்கு ஓடுகிற ரயில். அது வேகமான ரயில், 'எ ஃபாஸ்ட் டிரெய்ன்'. வேகமாக ஓடுகிறது, 'இட் ரன்ஸ் ஃபாஸ்ட்'. 'ஃபாஸ்ட்லி' என்று ஒரு சொல்லை நம்மவர்கள் படைத்திருக்கிறார்கள். ஆங்கிலேயரின் அகராதி அதை ஏற்பதில்லை. ஒருநாள் அந்த ரயில் தாமதமாக வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தி டிரெய்ன் கேம் லேட்.' எல்-ஒய் விதியை நம்பிய மாணவன் 'லேட்லி' என்று எழுதுகிறான். 'லேட்லி' என்றால் சமீப காலமாக. ரயில் சமீப காலமாக வந்துகொண்டிருக்கிறது என்று ஆகிவிட்டது. ரயில்வே நிர்வாகமே மறுக்க முடியாத குற்றச்சாட்டு!

இதைவிட ஆபத்தானது 'ஹார்ட்'. பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி விண்ணப்பம் எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.    அந்தத் தொழிலாளி கடுமையாக உழைத்தவர். 'ஐ வொர்க்டு ஹார்ட்' என்று எழுத வேண்டும். விதியை நினைத்துக்கொண்டு 'ஐ ஹார்ட்லி வொர்க்டு' என்று எழுதிவிட்டார். பொருள் என்ன? 'நான் வேலையே செய்யவில்லை என்று சொல்லலாம்.' இரண்டு எழுத்து, ஒரு மனிதனின் உழைப்பு முழுவதையும் துடைத்துவிட்டது. 'நியர்' பக்கம் என்றால் 'நியர்லி' கிட்டத்தட்ட. 'ஹை' உயரே என்றால் 'ஹைலி' மிகவும். வால் முளைத்தவுடன் ஆளே மாறிவிடுகிறார்கள்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். 'ஃபிரெண்ட்லி', 'லவ்லி', 'லோன்லி', 'காஸ்ட்லி' ஆகிய எல்லாவற்றுக்கும் எல்-ஒய் வால் இருக்கிறது. ஒன்றுகூட அட்வெர்ப் இல்லை, அத்தனையும் அட்ஜெக்டிவ். 'ஹீ ஸ்போக் ஃபிரெண்ட்லி' என்று நம்மில் பலர் எழுதுகிறோம். 'ஹீ ஸ்போக் இன் எ ஃபிரெண்ட்லி வே' என்று சுற்றி வளைத்துத்தான் சொல்ல வேண்டும். வாலைப் பார்த்து மாட்டை வாங்காதீர்கள். அது யாரைப் பற்றி நிற்கிறது என்று பாருங்கள்.

ஆங்கிலம் பேசிப் பிறந்தவர்களுக்கு இதில் சண்டையே இல்லையா? உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1997இல் 'திங்க் டிஃபரண்ட்' என்று விளம்பரம் செய்தது. நினை என்பது வினை, 'டிஃபரண்ட்லி' என்றல்லவா இருக்க வேண்டும் என்று இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்டார்கள். அந்தச் சொல்லை 'நினைப்பு எப்படி' என்பதற்காக வைக்கவில்லை, 'எதை நினைப்பது' என்பதற்காக வைத்தோம் என்று விளம்பரக்காரர்கள் தரப்பில் விளக்கம் வந்தது. நம் சாலையோரப் பலகைகளில் 'கோ ஸ்லோ' என்று இருக்கிறதே, அது தவறா? இல்லை. 'ஸ்லோ' என்ற சொல் நெடுங்காலமாகவே வால் இல்லாமலும் அட்வெர்பாக நடமாடி வந்திருக்கிறது. திருத்துகிறேன் என்று பிரஷும் பெயிண்டுமாகக் கிளம்பிவிடாதீர்கள்.

அடுத்தது இடம். சொல் சரியாக இருந்தும் இடம் தவறினால் வாக்கியம் நொண்டும்.

'அவன் ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறான்.' தமிழில் வினை கடைசியில் நிற்கிறது. நன்றாக என்பது அதன் தோளை ஒட்டி முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது பையன் 'ஸ்பீக்ஸ்' என்ற வினையைக் கண்டவுடன் அதன் தோளை ஒட்டி 'வெல்' என்பதை வைக்கிறான்: 'ஹீ ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்.' தமிழ் நியாயப்படி இதில் தவறே இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே மூன்றாமவர் நுழையக் கூடாது. 'ஹீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்.' 'ஐ லைக் வெரி மச் காபி' இல்லை, 'ஐ லைக் காபி வெரி மச்'.

'ஒன்லி' என்ற சொல்லுக்குத் தனிச் சொற்பொழிவே வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். 'நான் மட்டும் பெருமாளைச் சேவித்தேன்.' மற்றவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள். 'நான் பெருமாளை மட்டும் சேவித்தேன்.' தாயார் சன்னிதிக்குப் போகவில்லை. 'நான் பெருமாளைச் சேவிக்க மட்டும் செய்தேன்.' பிரசாதம் வாங்கவில்லை. மூன்றும் மூன்று செய்தி. மட்டும் எதை ஒட்டுகிறதோ அதையே அழுத்துகிறது. ஆங்கிலத்தில் 'ஒன்லி' பேச்சு வழக்கில் வினைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு, எதை அழுத்துகிறது என்பதைக் குரலுக்கு விட்டுவிடும். எழுத்தில் குரல் கிடையாது. ஆகவே எழுதும்போது தமிழையே பின்பற்றுங்கள். எதை அழுத்த வேண்டுமோ அதற்கு முன்னால் நேராகக் கொண்டுபோய் வையுங்கள். தமிழ் இங்கே ஆங்கிலத்துக்கு நல்ல வழிகாட்டி.

ஆனால் 'ஐ ஆம் இன் திருச்சி ஒன்லி' என்கிறோமே, அது வேறு கதை. 'திருச்சியிலதான் இருக்கேன்.' இந்தத் 'தான்' மட்டும் என்ற பொருளில் வரவில்லை, உறுதிக்காக வருகிறது. ஆங்கிலத்தில் அந்த உறுதியைக் குரலில் காட்டுவார்கள், சொல்லில் காட்ட மாட்டார்கள். இது தவறா என்று கேட்டால், என் தீர்ப்பு இப்படி: நமக்குள் பேசும்போது இது நம் ஆங்கிலம், இனிமையாகவே இருக்கிறது, யாரும் வெட்கப்பட வேண்டாம். வேலை விண்ணப்பத்திலும் தேர்வுத் தாளிலும் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

'ரொம்ப' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். 'ரொம்ப சூடா இருக்கு' என்றால் பாராட்டா, புகாரா? தம்ளரைத் தொட்டவன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆங்கிலம் இதைப் பிரித்து வைத்திருக்கிறது. 'வெரி ஹாட்' என்றால் நல்ல சூடு. 'டூ ஹாட்' என்றால் குடிக்க முடியாத சூடு. 'டூ' என்பது அளவு மீறிய தொல்லை. மாணவனுக்கு நற்சான்று எழுதும் ஆசிரியர் 'ஹீ இஸ் டூ ஆனஸ்ட்' என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? இவன் நேர்மை நம் அலுவலகத்துக்கு ஆகாது என்றுதான்.

'ஹாட் ஹாட் காபி', 'ஸ்மால் ஸ்மால் ஷாப்ஸ்'. இந்த அடுக்குத்தொடர் நம் சொத்து. சின்னச் சின்னக் கடைகள் என்றால் கடைகள் பல, ஒவ்வொன்றும் சின்னது. ஆங்கிலத்தில் அடுக்குக்கு இந்த வேலை தெரியாது. ஆனால் ஆங்கிலம் அடுக்கவே அடுக்காதா? அதற்குச் சான்று நம் ஊரிலேயே உறங்குகிறது. கல்கத்தா பிஷப்பாக இருந்த ரெஜினால்டு ஹீபர் 1826 ஏப்ரல் 3ஆம் தேதி இந்தத் திருச்சிராப்பள்ளியில் இறந்தார். காலையில் வழிபாட்டை முடித்துவிட்டுக் குளிக்கச் சென்றவர் நீரிலேயே உயிர் விட்டார். செயின்ட் ஜான் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் பெயரில் ஒரு கல்லூரியே இங்கே இருக்கிறது. உலகம் முழுவதும் பாடும் அவருடைய ஞானப்பாட்டின் தலைப்பு 'ஹோலி, ஹோலி, ஹோலி'. ஒரே அட்ஜெக்டிவ், மூன்று முறை. கடைகளைப் போலப் பல பேரைக் குறிக்க அது மூன்று முறை வரவில்லை. திரித்துவத் திருநாளுக்காக எழுதிய பாட்டு. மூன்றில் ஒரு பொருள் இருக்கிறது, அந்த அழுத்தத்தில் ஒரு பக்தி இருக்கிறது. காபிக்கு அவ்வளவு பக்தி தேவையில்லை. 'ஒரு நல்ல சூடான காபி' என்பதற்கு 'எ நைஸ் ஹாட் காபி' போதும்.

வகுப்பில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று. கடைசி மணி நேரம். பையன் எழுந்து, 'சார், ஐ ஆம் போரிங்' என்கிறான். எனக்குப் போரடிக்கிறது என்று சொல்ல நினைத்தான். 'நான் போரடிக்கும் ஆள்' என்று வாக்குமூலம் கொடுத்துவிட்டான். போரடிக்கச் செய்வது 'போரிங்', போரடிக்கப்பட்டவன் 'போர்டு'. பாடம் 'போரிங்', பையன் 'போர்டு'. 'இண்ட்ரஸ்டிங்', 'இண்ட்ரஸ்டட்' என்பதும் அப்படியே. நடத்தியவர் நானாக இருந்தால் இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும், அது வேறு.

அட்ஜெக்டிவ்களை எந்த வரிசையில் அடுக்குவது என்று ஒரு நீளமான பட்டியல் புத்தகங்களில் இருக்கும். கருத்து, அளவு, வயது, நிறம், பொருள் என்று போகும். மனப்பாடம் செய்யாதீர்கள். நல்ல ஆங்கிலத்தை வாய்விட்டுப் படித்தால் காதே சொல்லிவிடும்.

அதைவிட ருசியான செய்தி ஒன்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. அங்கே எல்லாமே பெரிய. பெருமாள் பெரிய பெருமாள். தாயார் பெரிய பிராட்டியார். கருடன் பெரிய திருவடி. தளிகை பெரிய அவசரம். ராமானுஜரின் ஆசாரியர் பெரிய நம்பி. கோயிலே பெரிய கோயில். தஞ்சாவூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இப்போது கேட்கிறேன்: பெரிய நம்பி என்பதைத் திருப்பி 'நம்பி பெரியவராக இருக்கிறார்' என்று சொன்னால் அதே பொருள் வருமா? வராது. அவர் உயரத்தையோ பருமனையோ யாரும் அளக்கவில்லை. பெயருக்கு முன்னால் நிற்கும்போது அடைமொழிக்கு ஒரு பொருள், பயனிலையாக வரும்போது இன்னொரு பொருள். ஆங்கிலத்திலும் இப்படித்தான். 'மை ஓல்டு ஃபிரெண்ட்' என்றால் நெடுநாள் நண்பர். இருபது வயதுக்காரராகக்கூட இருக்கலாம். 'மை ஃபிரெண்ட் இஸ் ஓல்டு' என்றால் வயதானவர். இரண்டாவதை மேடையில் சொல்லி நண்பரை இழந்துவிடாதீர்கள்.

இவ்வளவு நேரம் பிழையைப் பற்றிப் பேசினேன். பிழையில்லாமல் எழுதியும் சிலர் எழுத்து ஏன் நிறைவு தருவதில்லை? அடைமொழிகளை அள்ளிக் கொட்டுவதால். 'வெரி', 'ரியலி', 'எக்ஸ்ட்ரீம்லி' என்று மூட்டை மூட்டையாக. இதற்கு மருந்தும் நம் ஊரிலேயே இருக்கிறது.

திருவானைக்காவில் 1888இல் பிறந்தவர் சர் சி.வி. ராமன். மாநிலக் கல்லூரியில் பி.ஏ. படித்தபோது இயற்பியலோடு ஆங்கிலத்துக்கும் தங்கப் பதக்கம் பெற்றவர் அவர். 1928 பிப்ரவரி 28ஆம் தேதி தமது கண்டுபிடிப்பை உறுதி செய்துகொண்டார். அடுத்த மாதமே கே.எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். இரண்டே ஆண்டில் நோபல் பரிசைக் கொண்டுவந்த கண்டுபிடிப்பு. அதற்கு அவர்கள் வைத்த தலைப்பு என்ன தெரியுமா? 'எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன்.' புதிய வகை இரண்டாம்நிலைக் கதிர்வீச்சு. இரண்டே அட்ஜெக்டிவ். 'கிரேட்' இல்லை, 'வொண்டர்ஃபுல்' இல்லை, 'வெரி' இல்லை.

அந்த இரண்டையும் கவனியுங்கள். 'செகண்டரி' எந்த வகை என்று பிரித்துக் காட்டுகிறது. அதற்கு அளவு கிடையாது. 'வெரி செகண்டரி' என்றோ 'மோர் செகண்டரி' என்றோ இங்கே சொல்ல முடியாது. வகை காட்டும் அட்ஜெக்டிவ்களுக்கு முன்னால் 'வெரி' போடக் கூடாது என்ற விதியின் சரியான எடுத்துக்காட்டு. 'நியூ' என்ன செய்கிறது? முழு உரிமையையும் அது ஒன்றே கோருகிறது. இதற்கு முன் எவரும் கண்டதில்லை என்ற பெருமிதம் அந்த மூன்று எழுத்துக்குள் இருக்கிறது. தவறாக இருந்தால் அறிவுலகம் சிரித்திருக்கும். சரியாக இருந்ததால் 'வெரி' தேவைப்படவில்லை.

கடைசியாக ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வார்த்தை. நம் தலைமுறைகள் நம்பிப் படித்த இலக்கணப் புத்தகம் ரென் அண்ட் மார்ட்டின். 1930களில் வந்தது. அதன் ஆசிரியர் பி.சி. ரென் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவரும்கூட. நல்ல புத்தகம், மறுக்கவில்லை. ஆனால் அது இந்தியா முழுமைக்கும் எழுதிய புத்தகம். தமிழ்ப் பிள்ளை 'இரு'வில் இடறுவான் என்று அதற்குத் தெரியாது. 'தான்' அவனை 'ஒன்லி'க்கு இழுக்கும் என்று தெரியாது. அது நமக்குத்தான் தெரியும்.

இந்த வேலையை எப்படிச் செய்வது என்று நம் அக்கம்பக்கத்திலேயே ஒருவர் செய்து காட்டியிருக்கிறார். 1680இல் இத்தாலியில் பிறந்து, கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர். தமிழ் அறிஞர்களுக்காகத் தமிழில் தொன்னூல் விளக்கம் எழுதினார். தமிழ் கற்க வந்த அயல்நாட்டுப் பாதிரிமாருக்காகக் கொடுந்தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். கற்பவனுக்கு ஏற்கெனவே எந்த மொழி தெரியுமோ, அங்கிருந்து கைபிடித்து அழைத்து வந்தார். நாம் ஏன் ஆங்கிலத்தைத் தமிழிலிருந்து கைபிடித்து அழைத்து வரக் கூடாது? ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் தண்டனை என்று இன்னும் சில பள்ளிகள் வைத்திருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைக்கு ஆனவும் ஆகவும் என்ற சாவி கையில் இருந்தும், பூட்டைத் திறக்க விடாமல் நாமே தடுக்கிறோம்.

செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த அப்துல் கலாம், தமக்கு ஆங்கிலம் கற்பித்த பாதிரியார் செக்குவேராவைத் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் நன்றியோடு நினைவு கூர்கிறார். ராமேஸ்வரத்திலிருந்து வந்த பையன் ராக்கெட் விட்ட பிறகும் மறக்காத ஆங்கில ஆசிரியர் அவர். அப்படி நினைக்கப்படும் இடத்தில் நீங்கள் ஒவ்வொருவரும் இருக்கிறீர்கள்.

ஆகவே நாளைக் காலை முதல் மணி நேரத்தில் ஒன்று செய்யுங்கள். கரும்பலகையில் 'அழகான', 'அழகாக' என்று தமிழிலேயே எழுதுங்கள். 'அழகாக இருக்கிறது' என்று மூன்றாவதாக எழுதி, அழகு யாருடையது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்களே பதில் சொல்வார்கள். அதற்குப் பிறகு ஆங்கிலத்தை எழுதுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை 'ஷீ லுக்ஸ் பியூட்டிஃபுலி' என்று சொன்னால் உறவினர் முன்னால் சிரிக்காதீர்கள். அவனுக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று முதலில் பாராட்டிவிட்டு, பிறகு திருத்துங்கள்.